காட்சியின் விலை

மைதானத்து மதிலுக்கு வெளியே நிற்பவனுக்கும் ஆட்டத்தில் ஒரு பங்குண்டு என்பதைப் பழைய கொழும்பு வாய்விட்டுச் சொல்லாமலே ஏற்றுக்கொண்டிருந்தது. மதிலில் ஏறியவனையும் மரக்கிளையில் அமர்ந்தவனையும் காவலாளி துரத்தினானேயன்றி, கண்ணாற் கண்டதற்குக் கட்டணம் கேட்டானில்லை. நுழைவுச்சீட்டு என்பது இருக்கைக்கு வைக்கப்பட்ட விலை. காட்சிக்கு வைக்கப்பட்ட விலையன்று. காட்சியைத் தனியே பிரித்தெடுத்து, அதற்கு உரிமைப் பத்திரம் எழுதி, தேசவாரியாகவும் கருவிவாரியாகவும் கூறுபோட்டு விற்கலாம் என்னும் எண்ணம் பிற்காலத்தது. இன்று பெரிய துடுப்பாட்டச் சபைகளின் வருவாயிற் பெரும்பங்கு மைதானத்து வாயிலிற் சேர்வதன்று. ஆட்டத்தைக் காட்டும் உரிமையை விற்பதனாற் சேர்வது. அவ்வுரிமையும் தொலைக்காட்சியின் கையிலிருந்து இணையவழி நேரலைத் தளங்களின் கைக்கு மாறிக்கொண்டிருக்கிறது. இம்மாற்றம் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழும் சாதாரணத் தமிழ் இரசிகனின் வாசல்வரை எவ்வாறு வந்து நிற்கிறது என்பதே இங்கு நோக்கற்பாலது.

இலங்கையில் இக்கதை ஒரு விசித்திரமான தற்செயலோடு தொடங்குகிறது. ரூபவாஹினி தன் ஒளிபரப்பைத் தொடங்கிய நாள் 1982 பெப்ரவரி 15. இரண்டே நாட்கள் கழித்து, 17ஆம் திகதி, இலங்கை அணி தன் முதலாவது டெஸ்ட் போட்டியை இங்கிலாந்துக்கு எதிராக ஆடத் தொடங்கியது. ஆடிய இடம் பொரளையிலுள்ள பீ. சரவணமுத்து மைதானம், முன்னர் கொழும்பு ஓவல் எனப் பெயர்பெற்றிருந்தது. 1899இல் நிறுவப்பட்ட தமிழ் யூனியன் கழகத்தின் தாய்வீடு அது. துடுப்பாட்டக் கட்டுப்பாட்டுச் சபையின் முதலாவது தலைவராக விளங்கிய பாக்கியசோதி சரவணமுத்துவின் பெயரை அம்மைதானம் தாங்கி நிற்கிறது. ஆக, தேசத்தின் டெஸ்ட் ஆட்டமும் தேசியத் தொலைக்காட்சியும் ஒரே வாரத்திற் பிறந்த இரட்டைப் பிள்ளைகள். வளரும்போது ஒன்று மற்றதைச் சோறூட்டி வளர்க்கும் என்றோ, பின்னர் அதன் கழுத்தையே பிடிக்கும் என்றோ அன்று நினைத்தவர் அரிது.

வேறு நாடுகளில் அதற்கு முன்னரே கணக்குத் தொடங்கிவிட்டது. அவுஸ்திரேலியாவில் ஒளிபரப்பு உரிமை தமக்கு மறுக்கப்பட்டமையால் 1977இல் கெரி பக்கர் தாமாகவே ஓர் உலகத் தொடரை நடத்தி, வீரர்களையே விலைக்கு வாங்கிக் காட்டினார். இங்கிலாந்தில் 1992இல் உதைபந்தாட்டப் பிரிமியர் லீக் பிறந்தபோது, அதன் நேரடி ஒளிபரப்பு ஸ்கை நிறுவனத்தின் கட்டண அலைவரிசைக்குப் போயிற்று. ஆட்டத்தைக் காட்டுபவன் ஆட்டத்தை நடத்துபவனுக்கு நிகராகிவிட்டான் என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் தெளிவாக்கின.

கொட்டாஞ்சேனையில், புனித லூசியாள் பேராலயத்துக்குச் சற்றுத் தள்ளிய ஒழுங்கையொன்றில் ஒரு பெரியவர் இருக்கிறார். துறைமுகத்தில் எழுதுவினைஞராயிருந்து இளைப்பாறியவர். வயது எழுபத்தைந்தை எட்டிவிட்டது. துடுப்பாட்டத்தை அவர் கண்ணாற் கற்றவரல்லர், காதாற் கற்றவர். இலங்கை வானொலியில் ஆங்கில வர்ணனையைக் கேட்டு, விளங்காத இடத்தை ஊகித்து, மறுநாட் பத்திரிகையிற் சரிபார்த்துக்கொண்ட தலைமுறை அது. காற்று ஒத்துழைத்த நாட்களில் கடலுக்கு அப்பாலிருந்து அகில இந்திய வானொலியின் தமிழ் வர்ணனையும் கிடைத்தது. அவ்வர்ணனையில் பெயர்பெற்ற சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் முதலில் இலங்கை வானொலியிலே குரல் பயின்றவர் என்பதைப் பெரியவர் இன்றும் ஒரு சொந்தப் பெருமைபோற் சொல்லுவார். "பந்து எங்க போகுதெண்டு கண்ணால பாத்தவங்களுக்கு ஒரு பந்துதான் தெரியும். எங்களுக்குப் பத்துப் பந்து தெரியும்" என்பது அவரது வாதம். மிகைதான், எனினும் தள்ளிவிடக்கூடியதன்று. தன் மொழியில் ஆட்டம் சொல்லப்படுவதைக் கேட்டவன் அந்த ஆட்டத்துக்குள் விருந்தினனாக நிற்பதில்லை.

அவர் அடிக்கடி சொல்லும் இன்னொரு நிகழ்ச்சி உண்டு. 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு நிகழ்ந்தது. அதன்பின் அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் உலகக் கிண்ணப் போட்டிகளை ஆடக் கொழும்புக்கு வர மறுத்தன. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் பொலிஸ் பதிவுத்துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வெளியிற் சென்ற காலம் அது. மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை. லாகூரில் இறுதிப் போட்டி. பெரியவர் துறைமுகக் கடமை முடித்து நடந்து வருகிறார். வழியில் ஒரு கடைவாசலில் நின்று தொலைக்காட்சியிற் சிறிது நேரம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது காவலரணில் மறிக்கப்படுகிறார். அடையாள அட்டையை விளக்கொளியிற் புரட்டிப் பார்த்த சிப்பாய், அதைத் திருப்பிக் கொடுக்கையிற் கேட்ட கேள்வி: "ஸ்கோர் எக கீயத?" எத்தனை ஓட்டம் என்பதே. பெரியவர் சொன்னார். அரவிந்த இன்னும் நிற்கிறாரா என்பது அடுத்த கேள்வி. நிற்கிறார் என்றார். சந்தேகிப்பவனுக்கும் சந்தேகிக்கப்படுபவனுக்கும் இடையே அந்த இரவில் எஞ்சியிருந்த ஒரே பொதுச்சொத்து அந்தக் கடைவாசற் பெட்டியிலிருந்து வந்த எண்தான். அரவிந்த டி சில்வா 107 ஓட்டங்களோடு ஆட்டமிழக்காது நின்றதும், இலங்கை வென்றதும் உலகறிந்தது. அந்தச் சிப்பாயின் கேள்வியைக் கொண்டு இனப்பிரச்சினை தீர்ந்துவிட்டது எனக் கவிதை பாடுவது மடமை. மறுநாளும் அதே காவலரண், அதே அட்டை. ஆயினும், யாவரும் ஒரே காட்சியை ஒரே கணத்தில் இலவசமாகப் பார்த்திருந்தமையாலேயே அந்தக் கேள்வியும் விடையும் சாத்தியமாயின என்பதை மறுக்கவியலாது.

இனி, ஒளிபரப்புக்கும் இணைய நேரலைக்குமிடையேயுள்ள வேறுபாடு சற்று விரிவாகவே சொல்லத்தக்கது. ஏனெனில், பணத்தின் கதை முழுவதும் இதில் அடங்கியுள்ளது. ஒளிபரப்புக் கோபுரத்துக்குப் பார்ப்பவனைத் தெரியாது. பத்துப்பேர் பார்த்தாலும் பத்து இலட்சம்பேர் பார்த்தாலும் அதன் செலவு ஒன்றே. அதனாலேதான் கடைக்காரன் தன் பெட்டியைத் தெருப்பக்கம் திருப்பி வைத்தபோது எவருக்கும் நட்டம் ஏற்படவில்லை. இணைய நேரலையோ ஒவ்வொரு பார்வையாளனுக்கும் தனித்தனியே ஓர் ஓடையைத் திறந்துவிடுகிறது. கூட்டம் பெருகப் பெருக அனுப்புபவனுக்கும் செலவு பெருகுகிறது. பெறுபவனும் டேட்டாவுக்குப் பணம் கட்டுகிறான். ஈடாக, அனுப்புபவன் ஒன்றைப் பெற்றுக்கொள்கிறான்: பார்ப்பவன் யார், எந்த ஊரினன், எந்தக் கருவியிற் பார்க்கிறான், எந்த ஓவரில் சலித்து வெளியேறினான் என்னும் அறிவு. விளம்பரத்தை ஆளுக்கேற்ப மாற்றிப் போடவும், எல்லைக்கு அப்பாலுள்ளவனை வெளியே நிறுத்தவும் அவ்வறிவு போதுமானது. கோபுரத்தாற் செய்யமுடியாத வேலைகள் இவை. கோபுரத்தின் அலைகள் கடலைத் தாண்டும்போது அனுமதி கேட்பதில்லை.

இந்தப் புதிய அறிவுக்குச் சந்தை வைத்த விலை 2022 ஜூன் மாதத்தில் வெளிப்பட்டது. இந்தியன் பிரிமியர் லீக்கின் 2023 முதல் 2027 வரையான ஐந்தாண்டு உரிமைகள் ஏலத்துக்கு வந்தன. மொத்தம் 48,390 கோடி இந்திய ரூபா. தொலைக்காட்சி உரிமையை டிஸ்னி ஸ்டார் 23,575 கோடிக்கு எடுத்தது. இணைய உரிமையின் இரு பகுதிகளையும் வயாகொம்18 சேர்ந்தெடுத்த தொகை 23,758 கோடி. தொலைக்காட்சியை இணையம் முந்திச் சென்ற கணம் அதுவே. தொலைக்காட்சி உரிமை மட்டும் ஓர் ஆட்டத்துக்கு 57.5 கோடி எனக் கணக்கிடப்பட்டது. இருபக்கமும் சேர்ந்து நாற்பது ஓவர் கொண்ட ஆட்டத்தில், ஓர் ஓவருக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி. பந்துவீச்சாளன் தன் காலணிக் கயிற்றை இறுக்கிக் கட்டும் நேரத்துக்கும் விலை உண்டென்பது இதிலிருந்து புலனாகும். 2023 செப்டெம்பர் 17இல் கொழும்பில் நடைபெற்ற ஆசியக் கிண்ண இறுதியாட்டம் 129 பந்துகளிலே முடிந்துபோனபோது, 50 ஓட்டங்களுக்குச் சுருண்ட இலங்கை அணியைக் கண்டு கொழும்பு அழுதது. விற்காமற்போன விளம்பர நேரத்தை எண்ணி வேறு சிலரும் அழுதிருப்பர்.

வாங்கிய சரக்கை வயாகொம்18 என்ன செய்தது? 2023இல் ஜியோசினிமாவில் அனைத்தையும் இலவசமாகக் காட்டியது. பன்னிரண்டு மொழிகளில் வர்ணனை. தமிழும் அவற்றுள் ஒன்று. சென்னை அணி வென்ற இறுதியாட்டத்தை ஒரே நேரத்தில் மூன்று கோடிக்கு மேற்பட்டோர் அத்தளத்திற் பார்த்தனர். போட்டித் தளமான ஹொட்ஸ்டாரும் வேறு வழியின்றி அவ்வாண்டின் உலகக் கிண்ணத்தைக் கைத்தொலைபேசிகளில் இலவசமாகத் திறந்துவிட்டது. இரசிகனுக்குப் பொற்காலம் வந்ததெனப் பலர் எழுதினர். பொற்காலம் ஒன்றரை ஆண்டு நீடித்தது. 2024 நவம்பரில் இரு நிறுவனங்களும் ஒன்றாயின. 2025 பெப்ரவரி 14இல் ஜியோஹொட்ஸ்டார் என்னும் ஒற்றைத் தளம் பிறந்தது. அவ்வாண்டு ஐ.பீ.எல். ஆட்டங்கள் சில நிமிடங்களுக்கு இலவசம், பின்னர் சந்தா என்றாயின. மூன்று மாதத்துக்கு 149 இந்திய ரூபாவிலிருந்து தொடங்கிய அச்சந்தா பெருந்தொகையன்று என்பது உண்மை. போட்டியாளர் இருவர் இருக்கும்வரை இலவசமாயிருந்த ஒன்று, ஒருவரானதும் விலைப்பொருளாயிற்று என்பதும் அதேயளவு உண்மை.

மேற்கூறிய ஏலத்தில் கொழும்பு எங்கே நிற்கிறது? விற்கப்பட்ட முதலிரு பொதிகளின் மேற்தலைப்பு "இந்தியத் துணைக்கண்டம்" என்பதாகும். முதற்பொதி துணைக்கண்டத்தின் தொலைக்காட்சி உரிமை. இரண்டாவது அதன் இணைய உரிமை. வெளிநாடுகளுக்கெனத் தனிப் பொதி உண்டு. அவுஸ்திரேலியா, இங்கிலாந்து, தென்னாபிரிக்கா ஆகியவை அதிற் பெயர்சொல்லி விலைபேசப்பட்டன. இலங்கையோ துணைக்கண்டம் என்ற மூட்டைக்குள் கிடந்தது. கொட்டாஞ்சேனைக் கண்கள் மும்பையில் நடந்த ஏலத்தில் எண்ணப்பட்டுவிட்டன. ஆனால், சரக்கு கைமாறும்போது நடந்தது வேறு. பெரியவரின் மகளின் மகன், வெள்ளவத்தையில் கடற்பக்கம் நோக்கிச் செல்லும் ஒழுங்கையொன்றில் தொடர்மாடி வீட்டில் வசிப்பவன், தமிழ் வர்ணனைக்காக இந்தியத் தளமொன்றைத் தன் கைத்தொலைபேசியிற் திறந்தான். இச்சேவை உமது பிரதேசத்திற் கிடையாது என்ற பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது. விற்கும்போது துணைக்கண்டம், கொடுக்கும்போது இந்தியா.

அவன் சோர்ந்துவிடவில்லை. அவனையொத்த இளைஞர் சோர்வதில்லை. தன் இருப்பிடத்தை மறைத்துக் காட்டும் வீ.பி.என். செயலி ஒன்று, சென்னையிலுள்ள உறவினரின் கடவுச்சொல் ஒன்று, அதுவும் இயலாதபோது, முகவரி நாள்தோறும் மாறும் களவு இணைப்பு ஒன்று. முந்திய தலைமுறையில் வெள்ளவத்தையின் பல மொட்டைமாடிகளில் இந்தியச் செய்மதித் தட்டுகள் முளைத்தமைக்கும் இதுவே காரணம்: தமிழில் ஒரு சொல் கேட்கும் ஆசை. இவற்றைச் சட்டவிரோதம் எனச் சொல்வது எளிது. சட்டப்படி அது சரியும்கூட. ஆயினும் ஒன்று சிந்திக்கத்தக்கது. கட்டணம் கட்ட ஆயத்தமாக நிற்பவனுக்கு, கட்டும் சாளரமே திறக்கப்படாதபோது, அவன் சுவரேறியதன் பழி முழுவதையும் அவன்மேற் சுமத்துதல் நியாயமாகுமா? 2022இல் டொலரின் பெறுமதி சில வாரங்களுக்குள் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றறுபது வரை ஏறியபோது, வெளிநாட்டுச் சந்தா என்பது நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டாக்கனியாயிற்று. நாளுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு நிலவிய அந்த ஆண்டின் செப்டெம்பரில் இலங்கை அணி துபாயில் ஆசியக் கிண்ணத்தை வென்றது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். வரிசையில் நின்று களைத்த தேசத்துக்கு அந்த இரவு எவ்வளவு தேவையாயிருந்தது என்பதை எந்தச் சந்தாக் கணக்கும் காட்டாது.

பேரனின் வீட்டில் ஒருநாள் நிகழ்ந்த சிறு சம்பாஷணை ஒன்று. பெரியவர் வந்திருந்தார். பேரன் கைத்தொலைபேசியைத் தேநீர்க் கோப்பையிற் சாய்த்து வைத்து நேரலையைத் திறந்திருந்தான். திடீரெனப் பக்கத்து வீட்டிலிருந்து ஆரவாரம். திரையிலோ பந்துவீச்சாளர் இன்னும் ஓடத் தொடங்கவில்லை.

"பக்கத்து வீட்டில டிஷ் தாத்தா. அவங்களுக்கு முதலே வந்திடும். இப்ப ஒரு விக்கெட் விழும், பாருங்கோ."

விக்கெட் விழுந்தது. பெரியவர் சிரிக்கவில்லை.

"அப்ப இது மெட்ச் இல்லத் தம்பி. நடந்து முடிஞ்சத எங்களுக்கு ஆறுதலாச் சொல்லுறாங்க."

நேரலை எனப் பெயர்பெற்றது நேரத்துக்குப் பிந்தி வருவதன் காரணம் தொழில்நுட்பம் சார்ந்தது. காட்சியைத் துண்டுதுண்டாக வெட்டி, சுருக்கி, வழியிற் சேமித்து, மீண்டும் கோத்துக் காட்டும் முறையில் அரை நிமிடம்வரை பிந்திப்போதல் இயல்பே. நாளடைவில் அது குறையும். ஆனால் பெரியவர் முறையிட்டது நொடிகளைப் பற்றியன்று. ஒரு தொடர்மாடியில் நாற்பது குடும்பங்கள் ஒரே ஆட்டத்தை நாற்பது வெவ்வேறு கணங்களில் பார்க்கின்றன. ஒருவரின் மகிழ்ச்சி மற்றவரின் ஆட்டத்தைக் கெடுத்துவிடுகிறது. ஆதலால் பேரன் காதிற் கருவியைச் செருகிக்கொண்டு கதவைச் சாத்துகிறான். காவலரணில் நின்றவன் இன்று எவரிடமும் ஸ்கோர் கேட்க வேண்டியதில்லை. அவன் சட்டைப்பையிலும் ஒரு திரை உண்டு. அது வசதி. அந்த வசதியோடு கேள்வியும் போய்விட்டது.

இரசிகன் இழந்ததை மட்டும் எழுதினால், சபைகளுக்கும் லீக்குகளுக்கும் நேர்ந்ததை மறைத்ததாக முடியும். அங்கும் காரியம் நேர்க்கோட்டிற் செல்லவில்லை. 2021 ஜூலையில் இந்தியாவின் முதன்மை அணி இங்கிலாந்தில் இருக்க, ஷிகர் தவான் தலைமையில் வேறோர் அணி கொழும்புக்கு அனுப்பப்பட்டது. அதை ஏற்றுக்கொண்டமை அவமானம் என்றும், தொலைக்காட்சிச் சந்தையின் தேவைக்காகவே நிருவாகம் இணங்கியது என்றும் அர்ஜுன ரணதுங்க சாடினார். ஆட்டங்கள் கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்து செல்லும் தூரத்திலுள்ள பிரேமதாச மைதானத்தில், நோய்த்தொற்றின் காரணமாகப் பார்வையாளரின்றி நடந்தேறின. வெற்று இருக்கைகளின் நடுவே கமராக்களுக்காக ஆடப்பட்ட தொடர் அது. ரணதுங்கவின் கோபம் நியாயமானது; சபையின் கணக்கும் விளங்கக்கூடியது. இந்திய அணி வந்தால் உரிமைப் பணம் வரும், வராவிட்டால் வெறுங்கை. சர்வதேசத் துடுப்பாட்டப் பேரவை 2024 முதல் 2027 வரை பகிரும் வருவாயிற் சுமார் 38.5 சதவீதம் இந்தியச் சபைக்கு என்று 2023இல் முடிவாயிற்று. பெரிய சந்தை உள்ளவனுக்குப் பெரிய பங்கு; பெரிய பங்கு பெற்றவன் மேலும் பெரிய சந்தையாகிறான். இலங்கை போன்ற சபைகள் அவனது நாட்காட்டியிற் காலியிடம் தேடுகின்றன.

லங்கா பிரிமியர் லீக்கும் இந்தப் பொருளாதாரத்தின் பிள்ளையே. யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய அணி 2020, 2021, 2022, 2024 ஆகிய நான்கு ஆண்டுகளில் கிண்ணத்தை வென்றது. அந்த ஐந்து பருவங்களிலும் ஓர் ஆட்டமேனும் யாழ்ப்பாணத்தில் நடைபெறவில்லை. ஊரின் பெயர் திரைக்கு வேண்டியிருந்தது, ஊர் வேண்டியிருக்கவில்லை.

இதன் மறுபக்கமும் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. 1904 முதல் ஆடப்பட்டுவரும் வடக்கின் பெரும்போர், மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்குமிடையிலானது, எந்தத் தொலைக்காட்சி நிலையத்தின் வர்த்தகக் கணக்கிலும் எளிதில் இடம்பெற்றிருக்க மாட்டாது. இணையத்தில் அது நேரடியாக வருகிறது. ரொறன்ரோவில் பனி கொட்டும் விடியலில் விழித்திருந்து தன் கல்லூரியின் பந்துவீச்சைப் பார்க்கும் பழைய மாணவனுக்கும், இலண்டனில் வேலைத்தலத்தில் ஒளித்துப் பார்ப்பவனுக்கும் அந்த நேரலை வெறும் கேளிக்கையன்று. போரினால் ஊரைவிட்டு ஓடியவன் ஊரின் மைதானத்தை, அதன் மரங்களை, எல்லைக்கோட்டில் ஆடும் பைலாப் பாட்டுக்காரரைக் காணும் வழி அதுவொன்றே. பம்பலப்பிட்டி இந்துவும் யாழ்ப்பாணம் இந்துவும் மோதும் ஆட்டத்தையும் வெள்ளவத்தை வீடுகள் இவ்வாறே பார்க்கின்றன. த பப்பரே போன்ற உள்ளூர்த் தளங்கள் பாடசாலை றக்பியையும் துடுப்பாட்டத்தையும் காட்டத் தொடங்கியிராவிடின், இவை மைதானத்து வேலிக்குள்ளேயே முடிந்திருக்கும். கோபுரம் பெரும்பான்மையோருக்கானது, ஓடை, ஐந்நூறு பேருக்காகவும் திறக்கப்படலாம். ஆகவே, நேரலையைச் சபித்துப் பழைய வானொலிக்குத் திரும்புவோம் என்போரின் கட்சி நிற்காது. பெரியவரே அக்கட்சியில் இல்லை. கனடாவிலுள்ள தம்பியோடு அழைப்பில் இருந்தவாறே பெரும்போரைப் பார்ப்பவர் அவர்.

கொட்டாஞ்சேனையின் சொந்த ஆட்டம் உண்மையில் உதைபந்தாட்டமே. துறைமுகத்தை அண்டிய ஒழுங்கைகளில் பிறந்த கால்கள் அவை. சுகததாச மைதானம் கூப்பிடுதூரத்தில் இருக்கிறது. ஆயினும் அங்கத்தைய இளைஞரின் மேலாடைகளில் மான்செஸ்டரும் பார்சலோனாவும் எழுதப்பட்டிருக்கின்றன. உள்ளூர்க் கழகத்தின் பெயர் இல்லை. 2023 ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை இலங்கைச் சம்மேளனம் ஃபீஃபாவினால் இடைநிறுத்தப்பட்டிருந்தமை போதாதென்று, காட்சியிலும் அது தோற்றுப்போயிருந்தது. காட்டப்படாத ஆட்டம் காசு பெறாது. காசு பெறாத ஆட்டம் வளராது. வளராததை எவரும் காட்டார். இச்சுழலை உடைக்க மலிவான நேரலையொன்று போதுமாயிருக்கலாம். அதற்கு நான்கு கமராக்களும் தமிழிலும் சிங்களத்திலும் பேசத்தெரிந்த இருவரும் வேண்டும், ஏலம் வேண்டியதில்லை.

பார்வை எவருடைய சொத்து என்னும் கேள்விக்குச் சட்டம் விடை கூற முயன்றதுண்டு. 1993இல் இந்தியாவில் ஹீரோ கிண்ணப் போட்டிகளைக் காட்டும் உரிமை குறித்து வங்காளத் துடுப்பாட்டச் சங்கத்துக்கும் தூரதர்ஷனுக்கும் மூண்ட பிணக்கு உச்சநீதிமன்றம்வரை சென்றது. 1995 பெப்ரவரியில் வழங்கப்பட்ட தீர்ப்பு, வான் அலைகள் பொதுமக்களின் சொத்து என்றது. அரசின் ஏகபோகம் அதனால் உடைந்தது. உடைந்த இடத்தில் நுழைந்தோர் தனியார் நிறுவனத்தார். பின்னர் 2007இல், தேச முக்கியத்துவம் வாய்ந்த போட்டிகளின் ஒளிபரப்பைப் பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ளவேண்டும் எனச் சட்டமியற்றப்பட்டது. அச்சட்டம் பாக்கு நீரிணையைத் தாண்டாது. இங்கிலாந்தில் 2005 ஆஷஸ் தொடரே இலவச அலைவரிசையில் முழுதாகக் காட்டப்பட்ட கடைசித் தொடர்களுள் ஒன்று. அதன்பின் பதினான்கு ஆண்டு கழித்து, 2019 ஜூலை 14இல் உலகக் கிண்ண இறுதியாட்டத்துக்குத் தம் அணி வந்தபோது, உரிமையை வைத்திருந்த ஸ்கை நிறுவனம் சனல் 4இலும் காட்ட அனுமதித்தது. ஆங்கிலேயர் ஒரு நாளைக்கு மட்டும் ஒரே பெட்டியின்முன் மீண்டும் கூடினர். அந்த ஒரு நாளுக்கும் ஒரு நிறுவனத்தின் பெருந்தன்மை வேண்டியிருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

இலங்கைச் சபை உரிமையை விற்காமலிருக்க முடியாது, விற்றே ஆகவேண்டும். விற்கும் பத்திரத்தில் என்ன எழுதுவது என்பது அதன் கையில் உள்ளது. தேசிய அணி உள்நாட்டில் ஆடும் ஆட்டங்களுக்கு இலவச அலைவரிசையொன்றையும், மூன்று மொழியிலும் வர்ணனையையும் நிபந்தனையாக எழுதினால் ஏலத்தொகை ஓரளவு குறையும். அக்குறைவைச் செலவெனக் கருதுவதா முதலீடெனக் கருதுவதா என்பதிலேதான் சபையினரின் பார்வை வெளிப்படும். முரளிதரன் 800 விக்கெட் எடுத்த நாட்டில், அந்த விக்கெட்டுகளைத் தமிழிற் கேட்டுக் களித்தவர் எத்தனைபேர் என்று கேட்பதற்கு எவருக்கும் வாய் வரவில்லை. இன்று ஒரு தமிழ்ச் சிறுவன் துடுப்பாட்டத்தின் சொற்களைச் சேப்பாக்கத்து வழக்கிற் கற்கிறான். அவ்வழக்கு இனியதே, ஆனால் "துடுப்பாட்டம்" என்ற சொல்லே அவனுக்குப் பாடநூற் சொல்லாகிவிட்டது.

ஐ.பீ.எல். உரிமைக் காலமும், சர்வதேசப் பேரவையின் இந்தியச் சந்தைக்கான உரிமைக் காலமும் 2027ஆம் ஆண்டோடு முடிகின்றன. அடுத்த கேள்விப்பத்திரம் அதற்குமுன் எழுதப்படும். அதில் "இந்தியத் துணைக்கண்டம்" என்னும் சொற்றொடர் மீண்டும் இடம்பெறுமாயின், அதற்குள் அடங்கும் நாடுகளுக்குக் காட்சி எவ்வழியாற் போய்ச்சேரும் என்று ஒரு வரி சேர்க்கும்படி கேட்க, கொழும்பிலிருந்து ஒருவரேனும் அந்த மேசைக்குப் போகவேண்டியிருக்கும். வெள்ளவத்தைப் பேரன் இப்போது தன் கைத்தொலைபேசியை அயல்வீட்டுத் தொலைக்காட்சியோடு ஒப்பிட்டு, பிந்தும் நொடிகளை ஒரு கொப்பியிற் குறித்து வருகிறான். இதுவரை கண்ட மிகக்குறைந்த எண் இருபத்திரண்டு.